அத்தோவுக்கு நான்கு நட்சத்திரம், தொலைக்காட்சிக்கு ஒன்று

சென்னை வியாசர்பாடி பி.வி. காலனிப் பக்கம், அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மாலை ஐந்தரை மணிக்கு வாசலில் தள்ளுவண்டி வந்து நிற்கும். பின்னால் ஷட்டர் ஏறும். வண்டியில் சமையல், உள்ளே நான்கு மேசை, சுவரில் ஒரு பழைய தொலைக்காட்சி. வழி தெரியாவிட்டால் "ஃபுட்பால் போடுகிற அத்தோ கடை எது?" என்று கேளுங்கள், யாராக இருந்தாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள். மூலக்கடை வழியாகவும் வரலாம், பெரம்பூர் வழியாகவும் வரலாம். மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையை மட்டும் நம்ப வேண்டாம்.

சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பந்தாட்டத்தைத் தொட்டுவிட்டால் சூப்புக்கு இடம் இருக்காது.

அத்தோவை இங்கே இன்னும் கையால்தான் பிசைகிறார்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, அந்தப் பூண்டைப் பொரித்த எண்ணெய், புளித்தண்ணீர், வறுத்து இடித்த மிளகாய், பொட்டுக்கடலை மாவு, எல்லாவற்றுக்கும் மேல் நொறுக்கிப் போடும் பேஜோ என்ற மொறுமொறு தட்டை. இதில் கெட்டுப்போகக்கூடிய இடங்கள் இரண்டு. பூண்டு ஒரு நிமிடம் அதிகமாக எண்ணெயில் கிடந்தால் கசந்துவிடும். பேஜோவை முன்கூட்டியே நொறுக்கி வைத்தால் நமத்துப்போகும். கடைக்கார அக்கா இரண்டிலும் கறார். பேஜோவை உங்கள் கண் முன்னால்தான் உடைப்பார். பூண்டு கொஞ்சம் நிறம் மாறினாலும் அந்த ஈடு முழுவதையும் ஒதுக்கிவிடுவார். பாரிமுனையில் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் வண்டிகளில் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இங்கே புளி ஒரு சுற்று தூக்கலாகத் தெரியும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

முட்டை மசாலா சுமார். முட்டையைப் பிளந்து வெங்காயமும் பூண்டும் திணிக்கிறார்கள், சரி; அதன் மேல் ஊற்றும் எண்ணெயில் பாதியைக் குறைத்தால் இன்னும் இரண்டு சாப்பிடலாம். சூப்பில் போட்ட பர்மா நூடுல்ஸான மொய்ங்கா எல்லா நாளும் கிடைக்காது. கிடைக்கும் நாளில் யோசிக்காமல் வாங்குங்கள். வாழைத்தண்டு சூப்தான் இந்தக் கடையின் உயிர். கேட்கக் கேட்க ஊற்றுவார்கள், காசு கிடையாது. மிளகு காரம் தொண்டையில் மெதுவாக ஏறும். சளி பிடித்தவர்கள் மருந்துக்கடைக்குப் போகும் முன் இங்கே ஒருமுறை வந்து பார்க்கலாம். அத்தோ 80 ரூபாய். 60 ஆக இருந்தது. ஏன் ஏறியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

அக்காவின் அப்பா ரங்கூனிலிருந்து வந்தவர். 1962இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடைகளையெல்லாம் நாட்டுடைமை ஆக்கியபோது கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று இவர்களுடையது. கொண்டு வந்தது சமையல் மட்டுமல்ல. பர்மா அப்போது ஆசியாவின் பெரிய கால்பந்து அணி. 1966 ஆசிய விளையாட்டில் தங்கம், 1970இல் தென் கொரியாவோடு பகிர்ந்துகொண்ட தங்கம், இடையில் 1968 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். இந்தியா 1962இல் தங்கம் வென்றதை நாம் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது போல, அந்தப் பெரியவர் கடைசி வரை பர்மா அணியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். அத்தோ கடையில் தொலைக்காட்சி வந்ததற்கு அவர்தான் காரணம். இந்தத் தொலைக்காட்சியும் அவர் வாங்கியதுதானோ என்று அதன் படத்தைப் பார்த்தால் சந்தேகம் வருகிறது.

வியாசர்பாடியில் கால்பந்து என்பதற்கு விளக்கம் வேண்டாம். ஆனால் ஏன் வேல்ஸ் என்று முதல் முறை வருகிறவர்கள் கேட்கிறார்கள். சென்னையின் மற்ற இடங்களில் லிவர்பூல், மான்செஸ்டர், ஆர்சனல் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, இங்கே சனிக்கிழமை இரவுகளில் கார்டிஃப், ஸ்வான்சி, ரெக்ஸம் என்று வேல்ஸ் அணிகளுக்காக அடித்துக்கொள்கிறோம். காரணம் எளிது. கடைசி மேசையில் உட்காரும் நான் கார்டிஃப். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா ஸ்வான்சி. அக்காவின் மகன் ரெக்ஸம். மூவரில் எவருக்கும் விட்டுக்கொடுக்கும் பழக்கம் இல்லை. மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்து, பிறகு ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

நான் கார்டிஃப் ஆனதற்கு என் தங்கை காரணம். அவள் அந்த ஊரில் செவிலியராக இருக்கிறாள். ஒருமுறை வந்தபோது நீலச் சட்டை ஒன்றைக் கொண்டு வந்தாள். நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறவன். முன்பு கண்ணிகாபுரம் மைதானத்தில் கோல் கீப்பராக நின்றவன். ஒரு சட்டையைப் போட்டால் அதைக் கழற்றி வேறு சட்டை போடுவது எனக்கு வராது. இந்த இரவுகளில் ஒரு வினோதம் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சனிக்கிழமை மதியம் மூன்று மணி ஆட்டத்தை நேரலையில் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்று பழைய கட்டுப்பாடு இருக்கிறது, மைதானத்துக்குக் கூட்டம் குறைந்துவிடும் என்பதற்காக. வெளிநாட்டுக்கு அது பொருந்தாது. ஆகவே குளிர்காலத்தில் இரவு எட்டரை மணிக்கு நான் இங்கே அத்தோ சாப்பிட்டுக்கொண்டு பார்க்கும் ஆட்டத்தின் நிலவரத்தை, மைதானத்திலிருந்து பஸ் தூரத்தில் இருக்கும் தங்கை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள்.

தம்பி, அதாவது அக்காவின் மகன், ரெக்ஸம் ஆனது எல்லோரையும் போலத்தான். 2022 ஆகஸ்டில் வெளியான அந்த ஆவணத் தொடர். ரயன் ரெனால்ட்ஸ், ராப் மெக்கெல்ஹென்னி என்று இரண்டு நடிகர்கள், ஐந்தாம் அடுக்கில் கிடந்த ஒரு அணியை 2021 பிப்ரவரியில் வாங்கினார்கள். அதன் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். 2023இல் ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக்கிலிருந்து மேலே வந்தார்கள், 2024இல் நான்காம் அடுக்கான லீக் டூவிலிருந்து, 2025இல் மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னிலிருந்து. இங்கிலாந்தின் முதல் ஐந்து அடுக்குகளில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மேலே ஏறிய முதல் அணி இதுதான். தம்பி இதைப் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பான். ஒப்பித்து முடித்ததும், "இன்னும் ஒரே ஒரு படி, அண்ணா" என்பான். அந்த ஒரே ஒரு படி முதல் அடுக்கான பிரீமியர் லீக்.

எனக்கு இங்கேதான் எரியும். ஏனென்றால் அவர்கள் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்புக்கு ஏறிய அதே 2025இல் நாங்கள் அதே சாம்பியன்ஷிப்பிலிருந்து கடைசி இடம் பிடித்து இறங்கினோம். 2003க்குப் பிறகு கார்டிஃப் மூன்றாம் அடுக்குக்குப் போனது அப்போதுதான். தலைநகரத்து அணி கீழே, வடக்கே எல்லையோரத்தில் ஏறக்குறைய 45,000 பேர் வாழும் ஊரின் அணி மேலே. அந்த மே மாதம் தம்பி என் தட்டில் பேஜோவைக் கூடுதலாக நொறுக்கிப் போட்டான். அனுதாபமாம். நான் சாப்பிட்டேன், அது வேறு விஷயம்.

வேல்ஸ் அணிகள் ஏன் இங்கிலாந்து லீக்கில் ஆடுகின்றன என்று கல்லூரி அணியில் விங்கராக ஆடும் ஒரு பெண் கேட்டாள். வேல்ஸுக்கென்று தனி லீக் 1992இல்தான் தொடங்கியது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்த அணிகள் இங்கிலாந்து லீக்கில் வேர் விட்டுவிட்டன. வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே மலை. கார்டிஃபிலிருந்து ரெக்ஸமுக்கு ரயிலில் போனால் வண்டி ஹெரஃபோர்டு, ஷ்ரூஸ்பரி என்று இங்கிலாந்துக்குள் புகுந்துதான் மீண்டும் வேல்ஸுக்கு வரும். ஆகவே ரெக்ஸமுக்குப் பரம்பரைப் பகை நாங்கள் அல்ல, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் செஸ்டர். எங்களுக்குப் பகை ஸ்வான்சி. இந்த மூன்று அணிகளின் சண்டை உண்மையில் ஒன்றரைச் சண்டைதான். மீதி அரையை வியாசர்பாடியில் நாங்கள் சேர்த்திருக்கிறோம்.

ஸ்வான்சி ஐயாவின் ஆயுதம் ஒன்றே ஒன்று. ரெக்ஸம் பயிற்சியாளர் ஃபில் பார்க்கின்சன் 2013இல் பிராட்ஃபோர்டு அணிக்குப் பயிற்சியாளர். அந்த அணி நான்காம் அடுக்கிலிருந்து லீக் கோப்பை இறுதி ஆட்டம் வரை வந்து உலகத்தையே வாய் பிளக்க வைத்தது. இறுதி ஆட்டத்தில் எதிரணி ஸ்வான்சி. முடிவு 5-0. "தம்பி, உங்கள் பார்க்கின்சன் படி ஏறுவதில் கெட்டிக்காரர். மாடியில் யார் இருந்தார்கள் என்று அவரிடமே கேளுங்கள்" என்பார். இந்த வசனத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இன்னமும் சிரிப்பு வருகிறது. தம்பியும் சிரிப்பான், பிறகு, "ஐயா, இப்போது ஸ்வான்சியும் அதே சாம்பியன்ஷிப்பில்தானே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பூண்டு உரிக்கப் போய்விடுவான்.

ஆனால் ஐயாவிடம் கேட்க வேண்டிய கதை வேறு ஒன்று இருக்கிறது. 2003 மே மாதம், பருவத்தின் கடைசி நாள். அன்று தோற்றிருந்தால் ஸ்வான்சி நான்கு அடுக்கு கொண்ட லீக்கை விட்டே வெளியே போயிருக்கும். ஹல் அணியை 4-2 என்று வென்று தப்பித்தார்கள். எட்டு ஆண்டுகளில் பிரீமியர் லீக்கில் நுழைந்த முதல் வேல்ஸ் அணி ஆனார்கள். அந்த ஏற்றத்தின்போது அணியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ரசிகர்களின் அறக்கட்டளை கையில் இருந்தது. 2016இல் பெரும்பங்கு அமெரிக்க முதலீட்டாளர்களிடம் போனது. 2018இல் அணி கீழே இறங்கியது. ஐயா இதைச் சொல்லும்போது ஒரு பங்குதாரரைப் போலவே சொல்வார். அவர் தரப்பு இதுதான்: ரெக்ஸம் ஏறியது பெரிய விஷயமில்லை, ஏறுகிற காலத்தில் எல்லா முதலாளியும் நல்லவர்தான்.

அதே ஐயாவின் அணியில் 2025இல் குரோஷியக் கால்பந்து வீரர் லூகா மோட்ரிச் பணம் போட்டார், சில மாதங்களில் ஸ்னூப் டாக் என்ற அமெரிக்க ராப் பாடகரும் பங்குதாரர் ஆனார். தம்பிக்கு அன்று தீபாவளி. "நடிகர் வாங்கினால் சினிமாக்காரக் கூட்டம், பாடகர் வாங்கினால் மட்டும் பாரம்பரியமா, ஐயா?" என்று கேட்டான். ஐயா மோட்ரிச்சைப் பற்றி மட்டும் நீண்ட நேரம் பேசினார்.

இதில் உண்மையான கேள்வி ஆதரவைப் பற்றியது. ரெக்ஸமுக்கு இருப்பது ரசிகர் கூட்டமா, சினிமா பார்க்கும் கூட்டமா? லிவர்பூல் மேசையில் உட்காரும் பையன்கள், "நடிகர் போய்விட்டால் கூட்டமும் போய்விடும்" என்று அடித்துச் சொல்கிறார்கள். நடிகர் முதலாளி என்பது சென்னைக்குப் புதிதல்ல. சென்னையின் எஃப்.சி.யின் இணை உரிமையாளர் அபிஷேக் பச்சன். 2015இலும் 2018இலும் பெரியமேடு நேரு மைதானத்தைச் சொந்த மைதானமாகக் கொண்ட அந்த அணி கோப்பையைத் தூக்கியபோது அவரும் துள்ளினார், நாமும் துள்ளினோம். அவருக்காகவா போனோம்? நான் அந்த அணியில் ஆடிய தனபால் கணேஷுக்காகப் போனேன். எங்கள் வியாசர்பாடிப் பையன். முதலாளி யார் என்று பார்த்து மைதானத்துக்குப் போகிறவன் மழை வந்தால் போக மாட்டான்.

கார்டிஃப்காரனாக இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்குக் கசக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: ரெக்ஸமின் ஆதரவைப் பொய் என்று சொல்கிறவர்களுக்கு 2011 தெரியாது. நடிகர்கள் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன். அணி 2008இலேயே லீக்கை விட்டுக் கீழே விழுந்துவிட்டது. 2011 ஆகஸ்டில், பிணைத்தொகை கட்டினால்தான் அடுத்த பருவம் ஆடலாம் என்ற நிலை. ஊர் மக்கள் ஒரே நாளில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்த ஆண்டே ரசிகர்களின் அறக்கட்டளை அணியை எடுத்துக்கொண்டது. நடிகர்களுக்கு அணியைக் கொடுப்பதா வேண்டாமா என்று 2020இல் வாக்கெடுப்பு நடத்தியதும் அதே ரசிகர்கள்தான், 98.6 சதவீதம் பேர் சரி என்றார்கள். மொத்தம் 15 ஆண்டுகள் ஐந்தாம் அடுக்கில் கிடந்தார்கள். லிவர்பூல் மேசைக்கு ஒரு பருவம் கோப்பை வராவிட்டாலே சட்டை மாறுகிறது.

இன்னும் பின்னால் போகலாம். 1864இல் தொடங்கிய அணி. வேல்ஸில் அதற்கு முந்தைய அணி இல்லை. அவர்களுடைய ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் 1877இல் வேல்ஸ் தன் முதல் உள்நாட்டுச் சர்வதேச ஆட்டத்தை ஆடியது. இன்றும் சர்வதேச ஆட்டம் நடக்கும் மைதானங்களில் உலகிலேயே பழையது அது. என்னை அசைத்தது இதுவல்ல, 1934 செப்டம்பர் 22. ரெக்ஸமுக்குப் பக்கத்தில் கிரஸ்ஃபோர்டு நிலக்கரிச் சுரங்கத்தில் வெடி விபத்து, 266 பேர் இறந்தார்கள். அன்று சனிக்கிழமை. மதியம் டிரான்மியர் அணியோடு ஆட்டம். அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பலர் ஷிப்டை மாற்றிக்கொண்டு முந்தைய இரவே உள்ளே இறங்கியிருந்தார்கள். ஷிப்ட் மாற்றி ஆட்டம் பார்ப்பது என்றால் என்ன என்று தொழிற்சாலை வாசலில் நின்றவனுக்குத் தெரியும். இதைத் தம்பியிடம் நான்தான் சொன்னேன். அவனுடைய தொடரில் அவன் பார்த்தது கோல்கள், கொண்டாட்டங்கள், நடிகர்களின் கிண்டல். சுரங்கம் அவன் மனத்தில் நிற்கவில்லை.

விங்கர் பெண் ஒரே எண்ணில் எல்லோரையும் உட்கார வைத்தாள். 2023 மார்ச்சில் ரெக்ஸம் பெண்கள் அணி ரேஸ்கோர்ஸில் ஆடிய ஆட்டத்துக்கு 9,511 பேர் வந்தார்கள். வேல்ஸ் பெண்கள் லீக்கில் அதற்கு முன் அப்படி ஒரு கூட்டம் கிடையாது. "தொடர் பார்க்கிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், அண்ணா. இந்த ஒன்பதாயிரம் பேர் அந்த ஊர்க்காரர்கள்" என்றாள். அவள் ஆட்டத்துக்கு நம் ஊரில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: அம்மா, தம்பி, பயிற்சியாளரின் நண்பர் ஒருவர்.

சரி, பிரீமியர் லீக்குக்குப் போவார்களா? கோல் கீப்பராக நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், ரெக்ஸமைத் தூக்கி நிறுத்தியது பணம் மட்டுமல்ல. 2023 ஏப்ரலில் நாட்ஸ் கவுன்டியோடு நடந்த ஆட்டம் நினைவிருக்கிறதா? இரண்டு அணிகளும் முதலிடத்துக்கு முட்டிக்கொண்டிருந்தன; 3-2 என்று ரெக்ஸம் முன்னிலை; கூடுதல் நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி. ஓய்வு பெற்று வீட்டில் இருந்த பென் ஃபாஸ்டரை, நாற்பதை நெருங்கும் வயதில், சில வாரங்களுக்கு முன்புதான் அழைத்து வந்திருந்தார்கள். பிடித்துவிட்டார். அது உள்ளே போயிருந்தால் பருவத்தின் கணக்கே வேறாகியிருக்கலாம். அந்தப் பருவம் ரெக்ஸம் 111 புள்ளி, இரண்டாவது வந்த நாட்ஸ் கவுன்டி 107. நூறைத் தாண்டிய இரண்டு அணிகளில் ஒன்றுக்குத்தான் நேரடி இடம். இப்படிப்பட்ட கத்திமுனையில் சரியான கீப்பரை வைத்திருப்பதற்கு முதலாளி நடிகராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சியாளருக்குக் கண் இருக்க வேண்டும்.

ஆனால் சாம்பியன்ஷிப் வேறு காடு. 46 ஆட்டம். பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கி வரும் அணிகளுக்கு மூன்று ஆண்டுகள் வரை இழப்பீட்டுப் பணம் வந்துகொண்டே இருக்கும். அவர்களோடு ஏலத்தில் மல்லுக்கட்ட வேண்டும். ரெக்ஸமும் சும்மா இல்லை, 2025 கோடையில் இப்ஸ்விச்சிலிருந்து நேதன் பிராட்ஹெட்டை அணியின் வரலாற்றிலேயே அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். பணம் எங்கிருந்து என்றால், 2023-24 பருவத்திலேயே வருமானத்தில் பாதிக்கு மேல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்திருக்கிறது. என் சந்தேகம் ஆட்ட முறையில். பார்க்கின்சனின் அணிகள் உயரமான முன்கள வீரரைத் தேடிப் பந்தை நேராக அனுப்பும், கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் கோல் தேடும். கீழ் அடுக்குகளில் இது இடிமாதிரி இறங்கும். மேலே போகப் போக எதிரணித் தடுப்பு வீரர்களும் உயரமாகிக்கொண்டே வருவார்கள். இந்த ஊர் இதுவரை முதல் அடுக்கில் ஆடியதே கிடையாது. 1982இல் இரண்டாம் அடுக்கிலிருந்து விழுந்தவர்கள் திரும்பி வருவதற்கே 43 ஆண்டு பிடித்தது. என் கணக்கில் போவார்கள், ஆனால் வந்த வேகத்தில் அல்ல. ஓர் அடி சறுக்கி, பயிற்சியாளர் மாறி, பிறகுதான். தம்பி இதைக் கேட்டால் எனக்கு சூப் ஊற்றுவதை நிறுத்திவிடுவான்.

நான் இதைச் சொல்வதை வயிற்றெரிச்சல் என்று எடுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு தகவல். 2025 அக்டோபரில் லீக் கோப்பை ஆட்டம் ரெக்ஸமிலேயே நடந்தது. ஓர் அடுக்கு கீழே இருந்த நாங்கள் 2-1 என்று வென்றோம். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை அந்த நாட்டுக்கு வெளியே கொண்டுபோன ஒரே அணியும் நாங்கள்தான், 1927, ஆர்சனலை 1-0. தம்பியும் சளைத்தவனில்லை: 1992இல் அதே ஆர்சனல் நடப்புச் சாம்பியனாக ரேஸ்கோர்ஸுக்கு வந்து 2-1 என்று தோற்றது, அதற்கு முந்தைய பருவத்தில் ரெக்ஸம் நான்காம் அடுக்கில் கடைசி இடம். ஆர்சனல் சட்டை போட்டவர்கள் இந்தக் கடைக்கு வராமல் இருப்பதன் காரணம் புரிந்திருக்கும்.

கடையின் குறைகளுக்கு வருகிறேன். அந்தத் தொலைக்காட்சியில் சட்டை எண் தெரியாது. தம்பி தன் கைப்பேசியை அதோடு இணைக்கிறான். யாராவது அவனுக்கு அழைத்தால் கார்னர் கிக் நடுவில் படம் நின்றுவிடும். கோல் விழுந்ததை எதிர்வீட்டுக் கைப்பேசியின் சத்தத்தில்தான் முதலில் தெரிந்துகொள்கிறோம். சூப்பை மெல்லிய பிளாஸ்டிக் கோப்பையில் கொடுக்கிறார்கள். விரல் வேகும், உடம்புக்கும் நல்லதல்ல, எவர்சில்வர் தம்ளர் வாங்கி வைக்க வேண்டும். கை கழுவும் இடத்தில் சோப்பு எப்போதும் இல்லை. ஸ்கேன் செய்யும் அட்டை எண்ணெய் படிந்து வேலை செய்யவில்லை, சில்லறை கொண்டு வாருங்கள்.

பெரிய குறை கூட்டம். உணவு வீடியோ எடுக்கும் யாரோ ஒருவர் வந்து போனார். அடுத்த வாரமே அண்ணா நகர் கார்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. விலை ஏறியதும் அப்போதுதான். அக்காவுக்கு வருமானம் கூடியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எங்கள் நான்கு மேசைகளில் இரண்டில் இப்போது தட்டைப் படம் எடுக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், சூப் ஆறிப்போகிறது. ஸ்வான்சி ஐயா ஒருநாள் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு சொன்னார்: "இப்போது நாம்தான் ரெக்ஸம்காரர்கள். ஊர் நம்முடையது, சீசன் டிக்கெட் மட்டும் கிடைக்காது." அங்கேயும் சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. தம்பி உடனே, பழைய வாடிக்கையாளர்களுக்குச் சனிக்கிழமை ஒரு மேசை ஒதுக்குவதாக வாக்குக் கொடுத்தான். ஒதுக்கினான், அது மின்விசிறிக்கு நேர் கீழே இல்லாத மேசை.

காசு வைத்துப் பந்தயம் கட்டுவதை அக்கா அனுமதிப்பதில்லை, நல்லது. ஆனால் சுவரில் சாக்பீஸால் எழுதிய ஒரு பந்தயம் இருக்கிறது. கார்டிஃப் சாம்பியன்ஷிப்புக்குத் திரும்புவதற்குள் ரெக்ஸம் பிரீமியர் லீக்குக்குப் போய்விட்டால், நான் ரெக்ஸமின் சிவப்புச் சட்டை போட்டு ஒரு சனிக்கிழமை முழுக்க சூப் ஊற்ற வேண்டும். முந்தி நாங்கள் திரும்பிவிட்டால் தம்பி நீலம் போட வேண்டும். நான் சிவப்புக்கு ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் முதலாளி வின்சென்ட் டான் 2012இல் நீலத்தைச் சிவப்பாக்கி, ரசிகர்கள் போராடி, 2015 ஜனவரியில்தான் நீலம் திரும்பியது. அந்தக் காயத்தைச் சொல்லி மறுத்தேன். தம்பி பூண்டு உரிப்பதை நிறுத்தாமலே, "அண்ணா, நீங்கள் முதல் முறையாக பிரீமியர் லீக்குக்குப் போனது 2013இல், அந்தச் சிவப்பில்தானே?" என்றான். சாக்பீஸ் எழுத்து அப்படியே இருக்கிறது.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை எட்டு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். மார்ச் கடைசியில் அங்கே கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், அதன் பிறகு ஆட்டம் ஏழரைக்கே தொடங்கும், ஏழு மணிக்குள் வர வேண்டும். வார நாள் ஆட்டங்கள் நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டித்தான், கடை பத்தரைக்கு மூடிவிடும். அத்தோவைப் பார்சல் வாங்காதீர்கள், வீடு போவதற்குள் பேஜோ நமத்துவிடும். இரண்டாவது சூப்பை இடைவேளைக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்; இடைவேளையில் லிவர்பூல் மேசை எழுந்தால் பானை காலி.